செட்டிநாட்டில் ஏபிஆர்எஸ் பாதை அமைப்பது எப்படி? புதிதாக வந்திருக்கும் ஹாம்களுக்கு

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடி கிளம்பும்போது, நடப்பவர்கள் நடக்க, சாமான் வண்டிகள் முன்னாலும் பின்னாலும் போய்க்கொண்டிருக்கும். சில வருடங்களுக்கு முன் தெரிந்த ஒரு குழுவுக்காக நாங்கள் மூன்று ஹாம்கள், அதாவது அமெச்சூர் ரேடியோ உரிமம் உள்ளவர்கள், சேர்ந்து ஆறு வண்டிகளில் இருப்பிடத்தை ரேடியோவில் சொல்லும் டிராக்கர் கட்டிக் கொடுத்தோம். எந்த வண்டி எங்கே நிற்கிறது, மதியச் சாப்பாடு எந்த ஊரில் இறங்கும் என்று வரைபடத்தில் தெரிந்தால் போதும். ஆறு டிராக்கரையும் நான்தான் அமைத்தேன். பாதை என்று, அதாவது தகவல் எத்தனை நிலையங்களைத் தாவிப் போகலாம் என்று, கேட்ட இடத்தில் எல்லாவற்றிலும் வைட்3-3 என்று போட்டேன். இரண்டு தாவலை விட மூன்று தாவல் நல்லதுதானே என்ற கணக்கு. 30 விநாடிக்கு ஒருமுறை இருப்பிடத்தைச் சொல்லும்படியும் வைத்தேன்.

எல்லா வண்டியும் திருப்பத்தூரைத் தாண்டுவதற்குள் வரைபடம் கெட்டது. ஒரு வண்டி ஒரு மணி நேரமாகப் பிள்ளையார்பட்டியிலேயே நின்றது. ஓட்டுநருக்குப் போன் போட்டால், "அண்ணே, நான் சிங்கம்புணரி வந்து டீ குடிச்சிக்கிட்டு இருக்கேன்" என்றார். கருவி எதுவும் பழுதில்லை, பேட்டரியும் முழுசாக இருந்தது. நான் போட்ட பாதைதான் அலைவரிசையை அடைத்துவிட்டது. எப்படி என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏபிஆர்எஸ் என்றால் என்ன என்று இரண்டு வரி. இருப்பிடம், வானிலை, குறுஞ்செய்தி போன்ற சின்னச் சின்னத் தகவல்களைப் பாக்கெட்டாக்கி ரேடியோவில் அனுப்பும் முறை. அமெரிக்கக் கடற்படை அகாடமியில் இருந்த பாப் புருனிங்கா உருவாக்கியது. அவர் 2022-இல் காலமானார். அடியில் ஓடுவது ஏஎக்ஸ்.25 என்ற பழைய நெறிமுறை. வேகம் விநாடிக்கு 1200 பிட். இந்த 1200-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாக் கட்டுப்பாடும் இதிலிருந்துதான் வருகிறது.

உரிமம் இல்லாமல் இதில் எதையும் அனுப்பக் கூடாது. தேர்வு எழுதி, வியூ3 என்றோ வியூ2 என்றோ தொடங்கும் அழைப்புக்குறி கைக்கு வந்தபின் உரிமத்தாளை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். உங்கள் வகுப்புக்கு எந்த அலைப்பட்டை, எவ்வளவு வாட், எந்த வகை உமிழ்வு என்று அதில் எழுதியிருக்கும். பலர் அழைப்புக்குறியை மட்டும் பார்த்துவிட்டு தாளை பீரோவில் வைத்துவிடுகிறார்கள்.

முதலில் காது

ஆர்வத்தில் வாங்கிய அன்றைக்கே பிடிடி-யை, அதாவது அனுப்பும் பொத்தானை, அழுத்தாதீர்கள். இரண்டு நாள் கேளுங்கள்.

ஏபிஆர்எஸ் அலைவரிசை உலகம் முழுக்க ஒன்றில்லை. வட அமெரிக்காவில் 144.390 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 144.800, ஜப்பானில் 144.660. இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு வழிகாட்டியைப் பார்த்து ஒன்றைப் போட்டுவிட்டு, ஒரு மாதம் யாரும் கேட்காத இடத்தில் பேசிக்கொண்டிருந்த நண்பர் எனக்கு உண்டு. மதுரை, திருச்சிப் பக்கம் இருக்கும் ஹாம்களிடம் கேட்டு, அவர்கள் இருக்கும் அலைவரிசையிலேயே உட்காருங்கள். நமக்கு இரண்டு மீட்டர் பட்டை 144 முதல் 146 வரைதான், அதற்கு வெளியே போகக் கூடாது.

கேட்பதற்கு ஒரு மலிவான கைக்கருவியும், பாக்கெட்டைப் பிரித்துப் படிக்கும் டைர்வுல்ஃப் மென்பொருள் போட்ட ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியோ பழைய மடிக்கணினியோ போதும். போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஏபிஆர்எஸ்டிராய்ட் செயலி இருக்கிறது. கைக்கருவியில் இரண்டு விஷயத்தை மாற்றுங்கள். இரைச்சலை அடக்கும் ஸ்கெல்ச்சை 0-வில் வையுங்கள். இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கட்டும், மென்பொருள் பார்த்துக்கொள்ளும். பேட்டரி சேமிப்பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ரேடியோ நடுநடுவே தூங்கி எழும்பும், எழும்புவதற்குள் பாக்கெட்டின் தலை போயிருக்கும். தலை போன பாக்கெட் மொத்தமும் குப்பைதான், ஏஎக்ஸ்.25-இல் பாதி கேட்டது என்று எதுவும் கிடையாது.

ஒலி அளவையும் பாருங்கள். டைர்வுல்ஃப் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு எண் காட்டும். அது 50-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. கூட வைத்தால் நன்றாகக் கேட்கும் என்று திருகாதீர்கள். பாக்கெட் இரண்டு ஒலிகளால் ஆனது, உச்சி வெட்டுப்பட்ட ஒலியில் 1200 ஹெர்ட்ஸ் எது, 2200 ஹெர்ட்ஸ் எது என்று பிரித்தறிவது கஷ்டம்.

பாதை என்பது ஒரு வேண்டுகோள்

கல்யாண வீட்டில் முகப்பில் நிற்பவர் இரண்டாம் கட்டில் இருக்கும் சமையல்காரருக்குச் சேதி சொல்ல வேண்டும். கத்தினால் நடுமுற்றமான வளவு வரைதான் கேட்கும். வளவில் இருப்பவர் அதை எடுத்து உள்ளே சொல்ல வேண்டும். பாக்கெட்டில் பாதை என்பது இதுதான்: "என்னைக் கேட்பவர் ஒருவர் இதைத் திருப்பிச் சொல்லுங்கள், அதைக் கேட்பவர் இன்னொருமுறை சொல்லுங்கள்." திருப்பிச் சொல்லும் நிலையத்துக்கு டிஜிபீட்டர் என்று பெயர், பேச்சில் டிஜி. ஒரு டிஜியிலிருந்து அடுத்ததற்குப் போவது ஒரு தாவல்.

குரல் ரிப்பீட்டர் மாதிரி இதில் இரண்டு அலைவரிசை கிடையாது. டிஜி ஒரே அலைவரிசையில் முதலில் முழுப் பாக்கெட்டையும் கேட்டுக்கொண்டு, அப்புறம் அதே அலைவரிசையில் திருப்பி அனுப்பும். அதனால் ஒவ்வொரு தாவலும் எல்லோருக்கும் பொதுவான நேரத்திலிருந்து ஒரு துண்டை எடுக்கிறது.

பாதையில் எழுதுவது பெரும்பாலும் வைட் என்ற சொல்லும் அதன்பின் இரண்டு எண்களும். கருவியில் தட்டும்போது டபிள்யூ-ஐ-டி-இ என்ற நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகள், இடைவெளி விடாமல் எண், கோடு, எண். முதல் எண், தொடக்கத்தில் எத்தனை தாவல் கேட்டீர்கள் என்பது. இரண்டாவது, இன்னும் எத்தனை மிச்சம் என்பது. வைட்2-2 கிளம்பினால் முதல் டிஜி அதை வைட்2-1 ஆக்கும், அடுத்த டிஜி மிச்சத்தையும் தீர்க்கும்.

வைட்1-1 தனி ஜாதி. வீட்டு மாடியில் இருக்கும் சின்ன டிஜிகள், அதாவது பெரிய டிஜிக்குக் காது எட்டாத பள்ளங்களை நிரப்பும் நிரப்பு டிஜிகள், இதற்கு மட்டும் பதில் சொல்லும். உயரத்தில் இருக்கும் பெரிய டிஜி வைட்1, வைட்2 இரண்டுக்கும் பதில் சொல்லும். எனவே வைட்1-1 எப்போதும் பாதையின் முதல் இடத்தில்தான் இருக்க வேண்டும். இரண்டாம் இடத்தில் போட்டால், பெரிய டிஜி எல்லாருக்கும் கேட்கச் சொல்லி முடித்ததை, ஊரில் உள்ள சின்ன டிஜிகளெல்லாம் எடுத்து மறுபடி சொல்லும்.

பழைய கட்டுரைகளில் ரிலே, டிரேஸ் என்று பாதை எழுதியிருப்பார்கள். 2005 வாக்கில் அந்த வழக்கம் போய்விட்டது, இன்றைய டிஜிகள் அதைக் கண்டுகொள்ளாது.

இப்போது அந்தக் கணக்கு

ஒரு பாக்கெட்டுக்கு 100 பைட் என்று வைத்துக்கொள்வோம். 800 பிட். விநாடிக்கு 1200 பிட் வேகத்தில் முக்கால் விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. ரேடியோ அனுப்பும் நிலைக்கு வந்து நிலைபெற முன்னால் 0.3 விநாடி விட வேண்டும். மொத்தம் ஒரு விநாடி.

எங்களிடம் ஆறு டிராக்கர். 30 விநாடிக்கு ஒன்று என்றால் நிமிடத்துக்கு 12 பாக்கெட். வழியில் எங்கள் மூன்று பேருடைய டிஜி. ஒரே பாக்கெட்டை ஒரு டிஜி அரை நிமிடத்துக்குள் இரண்டாம் முறை கேட்டால் ஒதுக்கிவிடும், அதனால் ஆளுக்கு ஒருமுறைதான் சொல்லும். அப்படியும் ஒரு பாக்கெட்டுக்கு டிராக்கர் ஒருமுறை, டிஜிகள் மூன்று முறை, ஆக நான்கு. 12 நான்கு 48. ஒரு நிமிடத்தில் 48 விநாடி யாராவது ஒருவர் பேசிக்கொண்டே இருக்கிறார்!

பேசும்முன் காது கொடுத்துவிட்டுத்தானே பேசும் என்று கேட்பீர்கள். கொடுக்கும், ஆனால் கேட்டால்தானே. திருப்பத்தூரில் நிற்கும் வண்டிக்குக் குன்றக்குடியில் இருக்கும் வண்டி கேட்காது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் டிஜிக்கு மட்டும் இரண்டும் கேட்கும். அலைவரிசை காலி என்று நினைத்து இரண்டும் ஒரே சமயத்தில் பேச, டிஜியின் காதில் இரண்டும் மோதி ஒன்றும் மிஞ்சாது. பிள்ளையார்பட்டியிலேயே நின்ற வண்டியின் ரகசியம் இவ்வளவுதான்.

மறு வருடம் பாதையை வைட்1-1,வைட்2-1 என்று குறைத்து, இடைவெளியை மூன்று நிமிடம் ஆக்கினோம். காவடியோடு போகும் வண்டி நடை வேகத்தில்தான் நகரும். மூன்று நிமிடத்தில் மிஞ்சிப் போனால் கால் கிலோமீட்டர். அதற்கு மேல் துல்லியம் சாப்பாட்டுப் பந்திக்குத் தேவையில்லை. நிமிடத்துக்கு 2 பாக்கெட், ஒவ்வொன்றும் நான்கு முறை ஒலித்தாலும் 8 விநாடி. வரைபடம் ஒழுங்காக நகர்ந்தது.

யார் என்ன பாதை போடுவது

வீட்டு மாடியில் உயரமான ஆன்டெனாவோடு நிலையாக இருப்பவர் வைட்2-1 போடலாம். அது கூட வேண்டாம், பாதையைக் காலியாகவே விட்டுப் பாருங்கள். பக்கத்தில் ஐகேட் இருந்தால் நேராகவே எட்டிவிடும். ஐகேட் என்பது ரேடியோவில் கேட்டதை இணையத்தில் ஏற்றும் நிலையம். வீடு நகராது. அரை மணிக்கு ஒருமுறை சொன்னால் போதும்.

காரிலும் பைக்கிலும் போகிறவருக்கு வைட்1-1,வைட்2-1. நகரும்போது ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். நின்றால் பத்து நிமிடத்துக்கு ஒன்று. திரும்பும் வளைவிலும் வேகம் மாறும்போதும் மட்டும் கூடுதலாகச் சொல்லும் வசதி பல டிராக்கர்களில் உண்டு, அதை இயக்கிவிடுங்கள்.

கையில் 5 வாட் கருவியோடு நடப்பவருக்கும் இதே பாதைதான். பலர் இங்கேதான் தப்புச் செய்கிறார்கள். சக்தி குறைவு என்பதால் தாவலைக் கூட்டுகிறார்கள். முதல் டிஜிக்கே உங்கள் குரல் கேட்கவில்லை என்றால் ஏழு தாவல் போட்டாலும் அவ்வளவுதான், சொல்ல ஆளே இல்லை. கேட்டுவிட்டது என்றால் இரண்டு தாவலே ஜில்லாவைத் தாண்டும்.

விமானத்திலோ பலூனிலோ டிராக்கர் விடுபவர்கள் பாதையே போடக் கூடாது, அல்லது மிஞ்சிப் போனால் வைட்2-1. அந்த உயரத்திலிருந்து அது ஒரே சமயத்தில் ஊர்ப்பட்ட டிஜிகளின் காதில் விழும்.

அழைப்புக்குறிக்குப் பின்னால் 0 முதல் 15 வரை ஒரு துணை எண் சேர்க்கலாம். வழக்கம் இப்படி: கார் என்றால் 9, கைக்கருவி 7, போன் செயலி 5, ஐகேட் 10, வானிலை நிலையம் 13, நிரப்பு டிஜி 1. சட்டமில்லை, ஆனால் பார்ப்பவருக்கு உடனே புரியும். ஒரே ஆள் இரண்டு கருவி வைத்திருந்தால் துணை எண் கட்டாயம் வேறுவேறாக இருக்கட்டும். இல்லையென்றால் வரைபடத்தில் நீங்கள் வீட்டுக்கும் கடைக்கும் நிமிடத்துக்கொரு முறை பறந்துகொண்டிருப்பீர்கள்.

உங்கள் நடமாட்டம் இணையத்தில் எல்லோருக்கும் தெரிய வேண்டாம் என்றால், பாதையின் கடைசியில் நோகேட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் இடைவெளியின்றிச் சேர்த்துவிடுங்கள். ஐகேட் அதை மேலே ஏற்றாது. ரேடியோவில் கேட்பவர்களுக்குத் தெரியத்தான் செய்யும், இங்கே ரகசியம் என்று ஒன்று கிடையாது.

வந்த பாக்கெட்டை வாசிப்பது

வரைபடத்தை மட்டும் பார்ப்பவர் பாதையைக் கற்றுக்கொள்ளவே மாட்டார். டைர்வுல்ஃப் திரையில் ஓடும் வரியைப் படிக்கப் பழகுங்கள். நிஜ அழைப்புக்குறிகளை இங்கே போட வேண்டாம் என்பதால் ஊர்ப்பெயரை வைத்து எழுதுகிறேன். அந்த ஊர்களில் இப்படி நிலையம் இருக்கிறது என்று தேடிப் போகாதீர்கள்.

தேவகோட்டை-9 என்ற கார் கிளம்பும்போது பாதை: வைட்1-1,வைட்2-1.

பள்ளத்தூரில் ஒரு நிரப்பு டிஜி எடுத்தபின் அது: பள்ளத்தூர்-1*,வைட்2-1.

அதைக் குன்றக்குடியில் பெரிய டிஜி எடுத்தபின்: பள்ளத்தூர்-1,குன்றக்குடி*.

நட்சத்திரக் குறி எங்கே இருக்கிறதோ அதுவரை தீர்ந்தது என்று பொருள். நீங்கள் கேட்பது அந்த நிலையத்தின் குரலைத்தான், காரின் குரலை இல்லை. இரண்டாவது வரியையும் மூன்றாவது வரியையும் உங்கள் வீட்டில் கேட்டால், பள்ளத்தூரும் குன்றக்குடியும் உங்களுக்கு எட்டுகின்றன, கார் நேரடியாக எட்டவில்லை என்று அர்த்தம். நட்சத்திரமே இல்லாமல் வந்தால் கார் நேராக உங்கள் காதில் விழுந்திருக்கிறது. சில டிஜிகள் தன் பெயருக்குப் பக்கத்தில் தீர்ந்துபோன வைட்1 என்பதையும் நட்சத்திரத்தோடு விட்டுவைக்கும். குழம்ப வேண்டாம்.

ஒரு வாரம் இந்த வரிகளை நோட்டில் எழுதிப் பாருங்கள். யார் யாருக்குக் கேட்கிறார் என்ற படம் தானாகவே வந்துவிடும். கோடைக்காலத்தில் அதிகாலையில் கடல் பக்கமிருந்து எப்போதும் கேட்காத தூரத்து நிலையம் ஒன்று வந்து விழலாம். காற்றடுக்குகள் குழாய்போல அமைந்து அலையைக் கடத்திக் கொண்டுவருவதால் வருவது அது. வெயில் ஏறினால் போய்விடும். அதை நம்பிப் பாதை போட்டுவிடாதீர்கள்.

தாவலைக் கூட்டாதே, கம்பத்தைக் கூட்டு

செட்டிநாடு தட்டையான பூமி. கண்மாய்க் கரையும் கருவேலங்காடும்தான் மேடு. இங்கே தூரத்தைத் தீர்மானிப்பது ஆன்டெனாவின் உயரம். மனக்கணக்குக்கு ஒரு சூத்திரம்: உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் வரும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியே போட்டுக் கூட்ட வேண்டும். 16 மீட்டர் உயர ஆன்டெனாவுக்கு 16.5 கிலோமீட்டர். கார்க் கூரையில் 2 மீட்டருக்கு 5.8. சேர்த்து 22. அதாவது காரைக்குடியில் மச்சுக்கு மேல் நல்ல குழாய் நட்டால், தேவகோட்டையில் ஓடும் கார் நேராகவே கேட்க வாய்ப்பிருக்கிறது. இரண்டு வீடும் 16 மீட்டரில் இருந்தால் 33 கிலோமீட்டர். மரமும் கட்டடமும் இதில் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும்.

நம் ஊர்ப் பழைய வீடுகள் ரேடியோவுக்கு இரண்டு விதமாகவும் அமையும். முழங்கை நீளத்துக்குப் பருமனான சுவர், மேலே இரும்பு உத்தரம். வீட்டுக்குள் பட்டாலையில் உட்கார்ந்து கைக்கருவியை அழுத்தினால் வாசலைத் தாண்டாது. ஆனால் மச்சில் ஏறிவிட்டால் சுற்றிலும் மறைப்பே கிடையாது. ஒரே சிக்கல், வீடு பத்துப் பங்காளிக்குச் சொந்தம். நான் முதல் கம்பம் நட்டபோது மேலே பார்த்துக்கொண்டிருந்த பெரிய ஆச்சி கேட்டது இது: "ஏம்ப்பா, இது யாரு பங்குல நடுற? அவுக ஊர்ல இருந்து வந்தா யாரு பதில் சொல்றது?" அடுத்த ஒரு வாரம் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போன் போட்டுப் பேசினேன். அலைவரிசை ஒருங்கிணைப்பெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஓட்டைத் துளைக்காமல், கைப்பிடிச் சுவரில் கிளாம்ப் போட்டு நிறுத்திக்கொள்வதாகச் சொன்னதும் சம்மதித்தார்கள்.

ஆன்டெனாவை விட கேபிளில்தான் காசு போடுங்கள். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 20 மீட்டர் இழுத்தால் இந்த அலைவரிசையில் 4 டெசிபெல் அளவுக்குப் போய்விடும். 5 வாட் கொடுத்தால் மேலே 2 வாட்தான் போய்ச் சேரும், வரும் சிக்னலும் அதே விகிதத்தில் இளைக்கும். தடித்த ஆர்ஜி-213 போட்டால் இழப்பு பாதிக்கும் குறைவு. ஆன்டெனாவுக்குக் கால் அலைநீளக் கம்பி போதும், அரை மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் குறைவு. நடுவில் ஒன்று நட்டமாக, கீழே நான்கு சாய்வாக. ஐப்பசி இடிக்குக் கம்பத்தை நன்றாக எர்த் செய்யுங்கள். மேகம் கறுத்தால் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுங்கள்.

வீட்டில் டிஜி வைப்பதா?

ஆசை எல்லோருக்கும் வரும். வைக்கும்முன் அந்த நோட்டைப் பாருங்கள். உங்கள் தெருவிலிருந்து போகும் கார் ஏற்கெனவே பெரிய டிஜியில் கேட்கிறது என்றால் உங்கள் டிஜி தேவையில்லை, கூட்டம்தான் கூடும். கேட்காத இடம் இருந்தால் வையுங்கள், நிரப்பு டிஜியாக மட்டும். ஆள் இல்லாமல் இரவு பகலாக ஓடும் நிலையம் என்றால் உரிம நிபந்தனை அதற்கு இடம் கொடுக்கிறதா என்று பார்த்து, பக்கத்து ஹாம் சங்கத்திடம் சொல்லிவிட்டுச் செய்வதே சரி.

டைர்வுல்ஃப் அமைப்புக் கோப்பில் நான்கே இடம் முக்கியம். மைகால் வரியில் அழைப்புக்குறியும் துணை எண்ணும். மோடம் வரியில் 1200. பிடிடி வரியில் ரேடியோவை அழுத்தும் வழி. ஒலி வந்தால் தானாக அனுப்பும் வாக்ஸ் வசதியை நம்பாதீர்கள், தாமதமாகப் பிடித்துத் தாமதமாக விடும். நான்காவது டிஜிபீட் வரி. முதலில் எந்தச் சேனலில் கேட்டு எதில் அனுப்புவது என்று இரண்டு பூஜ்யம். அப்புறம் இரண்டு வடிவங்கள் கேட்கும். நிரப்பு டிஜிக்கு இரண்டு இடத்திலும் வைட்1-1 மட்டும். கோப்போடு வரும் மாதிரி வரி வைட்1, வைட்2 இரண்டுக்கும் பதில் சொல்லும் பெரிய டிஜிக்கானது. அதை அப்படியே இயக்கிவிட்டு வீட்டு மாடியில் வைப்பதுதான் வழக்கமான தப்பு. அந்த மாதிரி வரியில் ஒரு குறும்பும் இருக்கிறது: வைட்3 முதல் வைட்7 வரை பேராசைப் பாதையோடு வரும் பாக்கெட்டை ஒரே தாவலில் முடித்துவிடும். எங்கள் மூன்று டிஜியிலும் அந்த வரியை, வைட்3-க்கும் முழுத் தாவலும் கிடைக்கும்படி, யாரோ ஒருவர் முன்பே மாற்றியிருந்தார். யார் என்று சொல்ல மாட்டேன், இந்தக் கட்டுரையை எழுதுகிறவர்தான்.

மின்சாரம் போனால் டிஜியும் போகும். 12 வோல்ட் பேட்டரி ஒன்றைப் போடுங்கள். பேட்டரி ஆராய்ச்சிக்கே செக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் காரைக்குடியில் இருந்துகொண்டு, என் டிஜி மூன்று வருடம் பழைய இன்வெர்ட்டர் பேட்டரியில்தான் ஓடியது.

பக்கத்தில் யாருமே இல்லை என்றால்

செட்டிநாட்டில் இது நிஜமான கேள்வி. நாள் முழுக்கக் கேட்டும் ஒரு பாக்கெட்டும் வராத கிராமம் உண்டு. அப்போது தலைக்கு மேலே பாருங்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒரு பாக்கெட் டிஜி இருக்கிறது, 145.825 மெகாஹெர்ட்ஸில். சில நாள் அணைத்து வைத்திருப்பார்கள், அதனால் முதலில் கேட்டுவிட்டு அனுப்புங்கள். 400 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் ஒரு கடவுக்கு, அதாவது நம் வானத்தை அது ஒருமுறை கடக்கும்போது, அதிகபட்சம் பத்து நிமிடம்தான் கிடைக்கும். பாதையில் வைட் எதுவும் போடாமல் ஏ-ஆர்-ஐ-எஸ்-எஸ் என்ற ஐந்து எழுத்தை மட்டும் போடுங்கள். கடவு நேரத்தைச் சொல்லும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கைக்கருவியின் ரப்பர் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு நீளமான ஆன்டெனா போட்டு, அதை நேராகப் பிடிக்காமல் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். ஒரு கடவுக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் அனுப்பாதீர்கள். அதே பத்து நிமிடத்தில் இந்தியா முழுவதும், இலங்கையும் அந்த ஒரே டிஜியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. திரும்பி வந்த வரியில் விண்கலத்தின் குறிக்குப் பின்னால் நட்சத்திரத்தைப் பார்த்தால், பாதை என்பது புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக நத்தம் பக்கத்துச் சங்கதி

பாதையைக் குறைத்த வருடம் சிங்கம்புணரி வரை எல்லாம் ஒழுங்காக வந்தது. அதைத் தாண்டி நத்தம் நோக்கி மலைகள் குறுக்கிட ஆரம்பித்ததும் வண்டிகள் ஒவ்வொன்றாக மௌனமாயின. கூட இருந்த தம்பி, "அண்ணே, இப்ப மட்டும் வைட்3-3 போட்டுறலாமா?" என்றான். மலைக்கு அந்தப் பக்கம் கேட்பதற்கே ஆள் இல்லாதபோது எத்தனை தாவல் போட்டு என்ன?

அதற்கு அடுத்த வருடம் ஒரு காரில் நிரப்பு டிஜியைக் கட்டினோம். ஓடும்போது கூரையில் காந்த ஆன்டெனா. நின்றதும் மூன்று பகுதியாக மடியும் 6 மீட்டர் குழாய், அதன் உச்சியில் கால் அலைக் கம்பி. அந்தக் கார் வண்டிகளோடு போகாது. மேடாக, இரண்டு பக்கமும் பார்வை கிடைக்கும் இடமாகப் பார்த்து முன்கூட்டியே போய் நிற்கும், காவடி தாண்டியதும் குழாயை மடித்து அடுத்த மேட்டுக்கு நகரும். டிஜி ஓடும் கார் என்பதால் துணை எண் 9 போடாமல் 1 போட்டோம். நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரே சோதனைதான்: குழாயை நட்டு, கேட்பதில் மட்டும் ஐந்து நிமிடம் வைத்து, பின்னால் வரும் வண்டி நட்சத்திரமில்லாமலும், சிங்கம்புணரி டிஜி தன் பெயரோடும் வருகிறதா என்று பார்ப்பது. இரண்டும் வந்தால் அங்கேயே. ஒன்றுதான் வந்தது என்றால் குழாயை மடித்து இன்னும் அரை கிலோமீட்டர்.